தையில் கல்யாணம் வைத்திருக்கும் தம்பிக்கு

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன், தம்பி. வயது 27. தையில் கல்யாணம், பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. 14 வயதிலிருந்து கைப்பழக்கம். சிறுநீரோடு வெள்ளையாக ஏதோ போகிறது, தூக்கத்திலும் போகிறது, விந்து தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, உறுப்பு சிறுத்து இடது பக்கம் சாய்ந்துவிட்டது, ஒரு விதை மட்டும் கீழே தொங்குகிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து உட்காரும் வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "நரம்புத் தளர்ச்சி முற்றிப்போச்சு" என்று சொல்லி, மூன்று மாத கோர்ஸுக்கு 36,000 ரூபாய் பேசி, 5,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு சூரணப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இந்த மருந்து வேலை செய்யுமா என்பது நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு, கல்யாணத்தை நிறுத்திடலாமா?" நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் சிறுநீரகவியல் மருத்துவர். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் 20 வருடத்துக்கு மேலாக ஓபி பார்க்கிறேன். கிட்னிக் கல், புரோஸ்டேட் என்று வருகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருவார்கள். உங்களை மாதிரி வருகிறவர் தனியாகத்தான் வருவார். டோக்கன் முன்னாலேயே வாங்கியிருந்தாலும் மற்றவர்களையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு, நர்ஸ் வெளி விளக்கை அணைக்கிற நேரத்தில் மெதுவாக எட்டிப் பார்ப்பார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து "வயித்து வலி சார்" என்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கை ஓர் இடத்தில் நிற்காது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வரும். நீங்கள் எழுதிய பட்டியலில் எனக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன். ஐடி கம்பெனிப் பையனும் இதையே சொல்வார், லாரி டிரைவரும் சொல்வார், போலீஸ்காரரும் சொல்வார், ஏறக்குறைய இதே வரிசையில். அதே சமயம், ஆளைப் பார்க்காமல், பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வையுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சான்றிதழ் தர முடியாது. நீங்கள் சொன்னவற்றில் எது நோயின் அறிகுறி, எது இல்லை என்று சொல்ல முடியும்.

முதலில் கைப்பழக்கம். இதில் மருத்துவத்துக்குச் சந்தேகமே இல்லாத சங்கதிகள் நிறைய. சுய இன்பத்தால் உறுப்பு சிறுக்காது, நரம்பு தளராது, விந்து தீர்ந்துபோகாது, குழந்தை பிறக்காமல் போகாது, கண் குழி விழாது, முடி கொட்டாது. விந்து என்பது தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீர் இல்லை, ஊற்று. வயது வந்த நாளிலிருந்து விதைகள் ஓய்வில்லாமல் அணுக்களை உற்பத்தி செய்கின்றன, ஒரு நாளைக்கே பல கோடி. ஓர் அணு உருவாகி முடிய இரண்டரை மாதம் போல ஆகும். நீங்கள் வெளியேற்றினாலும் வெளியேற்றாவிட்டாலும் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும், பயன்படாததை உடம்பே கரைத்துக்கொள்ளும். ஒரு தடவை வெளியேறுவது 2 முதல் 5 மி.லி., ஒரு டீஸ்பூனுக்குள். அதிலும் உயிரணுக்களின் பங்கு மிகவும் கொஞ்சம். முக்கால்வாசிக்கு நெருக்கமாக விந்துப்பைகள் சுரக்கும் சர்க்கரைச் சத்துள்ள நீர், மிச்சத்தில் பெரும்பகுதி சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புரோஸ்டேட் என்ற சுரப்பி சுரப்பது. அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே ஈடாகிவிடுகிற சரக்கு.

பிறகு ஏன் நம் ஊரில் இவ்வளவு பயம்? "நாற்பது துளி ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து" என்ற கணக்கை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். சித்த மருத்துவத்தில் உடல் தாதுக்கள் ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம். ஒன்றிலிருந்து ஒன்று திரண்டு கடைசியில் வருவது சுக்கிலம் என்பதால், அதை இழந்தால் எல்லாவற்றையும் இழந்த மாதிரி என்ற எண்ணம் வேர் பிடித்துவிட்டது. நம் ஊருக்கு மட்டும் உரிய பயம் என்றும் நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் தீஸோ என்ற மருத்துவர் 1760-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் ரத்தத்தை இழப்பதைவிட மோசம் என்பது அவர் சொன்ன கணக்கு. இங்கேயும் நாற்பது, அங்கேயும் நாற்பது! ஐரோப்பா அந்தப் பயத்திலிருந்து வெளியே வர நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆனது. இந்தியாவில் டாக்டர் என்.என். விக் என்ற மனநல மருத்துவர் 1960-ல், விந்து போகிறதே என்ற கவலையால் சோர்வு, தூக்கமின்மை, படபடப்பு என்று வருகிறவர்களைக் கவனித்து, அந்த நிலைக்குத் 'தாது நோய்க்குறித்தொகுப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது பின்னால் இடம்பெற்றது. அதாவது, உங்களுக்கு இருக்கும் சோர்வு பொய் இல்லை. விந்து போனதால் வந்த சோர்வு அல்ல அது, போகிறதே என்ற கவலையால் வந்தது.

அந்த நாற்பது துளிக் கணக்கை ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன். ஒரு மி.லி.க்கு 20 துளி. ஒரு தடவைக்கு 3 மி.லி. என்றால் 60 துளி. நாற்பதால் பெருக்கினால் 2,400 துளி, அதாவது 120 மி.லி. ரத்தம். ரத்த தானத்தில் எடுப்பதே 350 மி.லி. தான். ஆகவே வாரத்துக்கு மூன்று தடவை என்று இருந்தவர் வாராவாரம் ஒரு யூனிட் ரத்தம் கொடுத்ததற்குச் சமம். ரத்த வங்கியில் ஆண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்க விடுவார்கள். 14 வயதிலிருந்து வாராவாரம் கொடுத்திருந்தால் நீங்கள் ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்க மாட்டீர்கள். இந்தக் கணக்கை ஓபியில் தாளில் போட்டுக் காட்டுவேன். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சிறுநீரில் வெள்ளையாகப் போவதற்கு என்னிடம் இதைவிட நல்ல வித்தை ஒன்று இருக்கிறது. இந்தக் குறையோடு வருகிறவரிடம் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்து சிறுநீர் பிடித்து வரச் சொல்வேன். வெண்மையாகக் கலங்கி இருக்கும். "பாருங்க சார், தாது" என்பார். அதில் அசிட்டிக் அமிலம் சில துளி விடுவேன், வினிகரில் இருப்பது அதுதான். அவர் கண் முன்னாலேயே கலங்கல் மறைந்து தண்ணீராகத் தெளியும். அது பாஸ்பேட் உப்பு. சாப்பாட்டைப் பொறுத்து, தண்ணீர் குறைவாகக் குடித்தால், இந்த உப்பு சிறுநீரில் படிந்து வெள்ளையாகத் தெரியும். விந்தாக இருந்தால் இப்படித் தெளியாது. அப்புறம், மலம் கழிக்க முக்கும்போது நுனியில் பிசுபிசுப்பாக ஓரிரு சொட்டு வருகிறதே என்பார்கள். மலக்குடலுக்கு முன்னால் ஒட்டினாற்போல் புரோஸ்டேட்டும் விந்துப்பைகளும் இருக்கின்றன. இறுகிய மலம் அழுத்தினால் ஒரு சொட்டு நீர் வரத்தான் செய்யும். மலச்சிக்கலைச் சரிசெய்தால் போதும். ஒரு விலக்கு உண்டு: எரிச்சல், உள்ளாடையில் மஞ்சளாகச் சீழ்க் கறை, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால், முக்கியமாக உடலுறவுக்குப் பிறகு சில நாளில் தொடங்கியிருந்தால், அது தொற்று. அதைச் சோதித்து மருந்து எடுத்தே ஆக வேண்டும்.

தூக்கத்தில் போவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொப்பன ஸ்கலிதம் என்று பெரிய பெயர் வைத்துவிட்டதால் நோய் மாதிரித் தெரிகிறது. இளவயதில் இயல்பாக நடப்பது, மருந்து வேண்டாம். விந்து தண்ணீராக இருப்பதும் அப்படியே. வெளிவந்தவுடன் கட்டியாக இருந்து, 15 நிமிடம், அரை மணி நேரத்தில் தானாக நீர்த்துப்போவதுதான் அதன் குணம். புரோஸ்டேட்டில் சுரக்கும் நொதி செய்யும் வேலை அது. கட்டியாகவே இருந்தால்தான் நாங்கள் யோசிப்போம். அடிக்கடி வெளியேற்றினால் இன்னும் நீர்த்துத் தெரியும். அதற்கும் குழந்தை பிறப்பதற்கும் கண்ணால் பார்த்துச் சம்பந்தம் சொல்ல முடியாது, நுண்ணோக்கியில் எண்ணினால்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கட்டுமா என்று சிலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும், ஒரே ஆளுக்கே இரண்டு தடவை எடுத்தால் இரண்டு விதமாக வரும். ஒரு தாளில் குறைவாக வந்துவிட்டால் அந்தக் கவலையோடு மணமேடை ஏறுவீர்கள். சிறுவயதில் விதை இறங்காமல் அறுவை செய்தவர்கள், புட்டாளம்மை வந்து விதை வீங்கியவர்கள், கீமோதெரபி எடுத்தவர்கள் விஷயம் வேறு. அவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அளவு. இதைக் கேட்க எல்லாருக்கும் கூச்சம், ஆனால் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. 2015-ல் லண்டன் ஆய்வாளர்கள் பல நாட்டு அளவீடுகளைத் தொகுத்தார்கள், மொத்தம் 15,000 ஆண்களுக்கு மேல். எல்லாம் மருத்துவப் பணியாளர்கள் அளந்தவை, ஆண்களே அளந்து சொன்னவை அல்ல. (இந்த விஷயத்தில் ஆண்கள் தாங்களே சொல்லும் கணக்கை நான் நம்புவதில்லை.) சாதாரண நிலையில் சராசரி 9.16 செ.மீ., விறைத்த நிலையில் 13.12 செ.மீ. ஐந்தேகால் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. வீடியோக்களில் பார்ப்பவர்கள் அளவுக்காகவே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அதோடு ஒப்பிடுவது, கூடைப்பந்து அணியின் நடுவில் நின்றுகொண்டு நான் குள்ளம் என்று அழுவது மாதிரி. சுருங்கியிருக்கும்போது சிறியதாகத் தெரிவது விறைப்பில் எவ்வளவு வரும் என்பதைச் சொல்லாது. குளிரிலும் பயத்திலும் எல்லாருக்கும் உள்ளே இழுக்கும். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது தொப்பை வேறு பாதியை மறைத்துவிடும், எடை கூடியவர்களுக்குச் 'சிறுத்துவிட்டதாக'த் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். அடிவயிற்றுக் கொழுப்பை அழுத்திப் பிடித்து, இழுத்து அளந்த பிறகும் ஏழு, ஏழரை செ.மீ.க்குக் கீழே இருந்தால்தான் மருத்துவம் அதைச் சிறியது என்று கணக்கில் எடுக்கும். அப்படிப்பட்டவர்கள் மிகவும் அபூர்வம், அவர்களுக்கும் தாம்பத்தியம் முடியாது என்றில்லை. எண்ணெய், களிம்பு, மாத்திரை எதுவும் நீளத்தைக் கூட்டாது. ஓரளவு இடது பக்கமோ வலது பக்கமோ சாய்ந்திருப்பது பிறவி வாகு. இடது விதை கீழே இருப்பது பெரும்பாலான ஆண்களுக்கு உள்ளதுதான். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் நடக்கும்போது ஒன்றோடொன்று இடிக்கும், கடவுளுக்கு அது தெரிந்திருக்கிறது. இடது பக்கம் புழு மூட்டை மாதிரி ரத்தக் குழாய்கள் சுருண்டு கையில் தட்டுப்பட்டால் மட்டும் ஒரு தடவை காட்டுங்கள். நூற்றுக்குப் பதினைந்து ஆண்களுக்கு அது இருக்கிறது, பலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

இனி அந்த 'நரம்புத் தளர்ச்சி'க்கு வருவோம். எங்கள் படிப்பில் அப்படி ஒரு நோய் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு நிஜமாகவே பிரச்சினை வரும். எப்படி என்று சொல்கிறேன். விறைப்பு என்பது குழாயில் தண்ணீர் திறந்துவிடுகிற மாதிரி. முதுகுத் தண்டின் அடியிலிருந்து வரும் நரம்பு சமிக்ஞை கொடுத்ததும் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் சுரந்து, உறுப்பிலுள்ள ரத்தக் குழாய்ச் சதைகளைத் தளர்த்துகிறது, ரத்தம் பாய்ந்து நிறைகிறது. சதை தளர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பயத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை, அந்தச் சதைகளை இறுக்கிவிடும். இதை நான் வார்த்தைக்குச் சொல்லவில்லை. கண்ட மாத்திரையைப் போட்டு, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் உறுப்பிலேயே ஓர் ஊசி போடுவோம், அது அட்ரினலின் வகையைச் சேர்ந்த மருந்து. விறைப்பை இறக்க நாங்கள் ஊசியில் ஏற்றுவதை, "இன்னிக்கு முடியுமா, முடியாதா" என்று படுக்கையில் தன்னையே சோதித்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு அவர் உடம்பே சுரந்து கொடுக்கிறது. பிறகு எங்கே நிற்கும்?

சில வருடங்களுக்கு முன் கல்யாணமாகி ஒன்றரை மாதம் ஆன ஒருவர் வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் இரண்டு லேகியம், ஒரு பரிகாரம் முடிந்திருந்தது. காலையில் எழும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அப்ப நல்லாத்தான் சார் இருக்கு, ராத்திரிதான் இல்லை" என்றார். ராத்திரிக்கு என்று தனி நரம்பு, தனி ரத்தக் குழாய் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து தடவை தானாக விறைக்கும், ஒவ்வொன்றும் அரை மணி நேரம் போல. விடிகாலையில் நீங்கள் பார்ப்பது அதில் கடைசி. யாரும் பார்க்காதபோது உடம்பு தானே நடத்திப் பார்த்துக்கொள்ளும் ஒத்திகை அது. காலையிலும், தனிமையிலும் சரியாக வருகிறது என்றால் நரம்பு, ரத்தக் குழாய், ஹார்மோன் மூன்றும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. நீங்கள் உங்கள் பட்டியலில் விறைப்பு வரவில்லை என்று எங்கும் எழுதவில்லை. அதை நான் தேடிப் பார்த்தேன்.

முதலிரவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கல்யாணத்தில் மாப்பிள்ளை முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பில் நான்கு மணி நேரம் நின்று, இரண்டு மணி நேரம் தூங்கி, விடியற்காலை முகூர்த்தத்துக்கு ஹோமப் புகையில் உட்கார்ந்து, மறுவீடு போய், நாற்பது பேர் காலில் விழுந்து எழுந்த பிறகு, பால் செம்போடு ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். வெளியே சித்தி, அத்தை எல்லாரும் பேசுகிற சத்தம் கேட்கிறது. உள்ளே இருக்கும் இருவரும் அதற்கு முன் தனியாகப் பேசிய நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கே நடந்தாக வேண்டும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. நான் சொல்வது: அன்றைக்குத் தூங்குங்கள். முதல் வாரம் பேசிப் பழகுங்கள், தொட்டுப் பழகுங்கள், இன்றைக்கு இவ்வளவுதான் என்று இருவருமே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்குக் குறையாத பயம் இருக்கும், வலிக்கும் என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். அவர் தயாராகும் முன் அவசரப்பட்டால் நிஜமாகவே வலிக்கும், அப்புறம் இருவருக்கும் பயம். வறட்சியாக இருந்தால் மருந்துக் கடையில் வழுவழுப்பு ஜெல் கிடைக்கும், தேங்காய் எண்ணெயும் ஆகும், ஆணுறை போடும்போது மட்டும் எண்ணெய் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். முதல் சில தடவை சரியாக வராமல் போவது, தொடும் முன்பே வெளியேறிவிடுவது எல்லாம் நடக்கும். மூன்று மாதம் விடாமல் அப்படியே இருந்தால் இருவருமாக வந்து பாருங்கள்.

சீக்கிரம் வெளியேறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு கேட்பீர்கள். 2005-ல் ஐந்து நாட்டுத் தம்பதிகளிடம் கடிகாரத்தைக் கொடுத்து அளந்த ஆய்வில் நடு மதிப்பு 5.4 நிமிடம் வந்தது. அதில் இந்தியா இல்லை, ஆகவே அந்த எண்ணை அப்படியே நமக்கு ஒட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்பது நண்பர்கள் அடித்துவிடும் கதை என்று தெரிந்துகொள்ள அது போதும். ஆரம்பத்திலிருந்தே எப்போதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, அதனால் இருவருக்கும் சங்கடம் என்றால்தான் அது குறை. அதற்கும் 1956-லிருந்தே எளிய பயிற்சி இருக்கிறது: வரப்போகிறது என்று தெரிந்ததும் நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்குவது. மாத்திரைகளும் உண்டு, மருத்துவர் எழுதித் தர வேண்டியவை.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. ஆபாச வீடியோ அதிகம் பார்த்தால் விறைப்பு கெடுமா என்று கேட்டால், ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. என் ஓபி அனுபவத்தில், திரை இல்லாமல் தூண்டுதலே வராது என்று ஆகிவிட்ட சில இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன், சில மாதம் விட்டபிறகு சரியானவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓபியில் பார்ப்பது ஆய்வு ஆகாது. மெத்தையில் குப்புறப்படுத்து அழுத்தியே பழகியவர்கள், மிக இறுக்கமாகப் பிடித்துப் பழகியவர்கள் மனைவியோடு உச்சம் அடையச் சிரமப்படுவதும் அப்படித்தான். பழக்கத்தை மாற்றினால் பெரும்பாலும் மாறுகிறது, ஆனால் இதை நிரூபித்த பெரிய ஆய்வைக் காட்டச் சொன்னால் என்னிடம் இல்லை. இன்னொரு பக்கம், மாதம் 21 தடவையோ அதற்கு மேலோ வெளியேற்றியவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் குறைவு என்று 2016-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அது ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு, காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மருந்தாக நினைத்துச் செய்ய வேண்டாம், பாவமாக நினைத்துப் பயப்படவும் வேண்டாம். வேலையை, தூக்கத்தை, படிப்பைக் கெடுக்கிற அளவுக்குப் போனால் அது வேறு, அப்போது மனநல மருத்துவரைப் பாருங்கள். அது என் துறை இல்லை, அவர்கள் இதை என்னைவிட நன்றாகக் கையாள்வார்கள்.

லாட்ஜ் வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் உங்களிடம் நான் சொன்னதையே சொல்லி அனுப்புவார்கள். ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து, சுவரொட்டி ஒட்டி, மாதம் ஒருநாள் உட்காருகிறவர்களைச் சொல்கிறேன். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாகவோ இன்பத்தைக் கூட்டுவதாகவோ மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் வருடச் சட்டமே தடை செய்கிறது. ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள் சட்டம் என்று பெயர். ஆனாலும் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டாத ஊர் இல்லை. அந்தச் சூரணத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, பிரச்சினையே அதுதான். மூலிகை என்று விற்கப்படும் இப்படிப்பட்ட பொருட்களில், வயாகரா மாத்திரையில் இருக்கும் சில்டெனாஃபில் என்ற விறைப்பு மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் "சாப்பிட்ட அன்னிக்கே வேலை செஞ்சுது" என்கிறார்கள்.

சில்டெனாஃபில் கெட்ட மருந்து இல்லை. நெஞ்சு வலிக்காக இங்கிலாந்தில் சோதித்துக்கொண்டிருந்த மருந்து, வேறு இடத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்து 1998-ல் இந்தப் பயனுக்கு அனுமதி பெற்றது. நானே எழுதித் தருகிறேன், மருத்துவர் சீட்டோடு வாங்கினால் லாட்ஜ் கோர்ஸின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, சார்பிட்ரேட் வகை மருந்து எடுப்பவர் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும், உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தில் பெயர் இல்லாத சூரணத்தில் அது இருந்தால் யார் எச்சரிப்பது? நண்பன் கொடுத்தான் என்று முதலிரவுக்கு முன் போட்டுக்கொள்வதும் வேண்டாம். 27 வயதில் தேவையும் இல்லை, அடுத்த தடவை மாத்திரை இல்லாமல் முடியாது என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிடும். ஜிம்மில் கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கும் இதே எச்சரிக்கை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விதைகள் வேலையை நிறுத்திவிடும். மார்பும் தோளும் ஏறும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே வரக்கூடும், திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பட்டியலில் இவை எதுவும் இல்லை என்றாலும். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் காப்பாற்ற முடியும். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக் காலையில் வந்தவர்களுக்கு விதையை எடுக்க வேண்டி வந்திருக்கிறது. விதையில் வலியில்லாத கெட்டிக் கட்டி தட்டுப்பட்டால் ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள், அந்தப் புற்றுநோய் அதிகம் வருவதே 15 முதல் 35 வயதுக்குள், சீக்கிரம் பிடித்தால் நன்றாகக் குணமாகும். முன்தோல் பின்னால் வரவில்லை என்றால் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே காட்டிவிடுங்கள், சின்ன சிகிச்சை. அந்தத் தோல் வெடித்து வெடித்துப் புண்ணாகிறது என்றால் சர்க்கரையையும் சோதித்துப் பாருங்கள். உங்கள் அண்ணனுக்கோ மாமாவுக்கோ, நாற்பதைத் தாண்டியவருக்கு, காலை விறைப்பு உட்பட எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்றால் அதை மனம் என்று விட்டுவிடக் கூடாது. உறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்தின் குழாய் மூன்று, நான்கு. அடைப்பு முதலில் மெல்லிய குழாயில் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே இப்படி ஒரு சேதி வந்திருக்கும், கூச்சத்தில் யாரும் சொல்வதில்லை. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இசிஜி பார்க்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பு எப்போதாவது பாதுகாப்பில்லாத தொடர்பு இருந்திருந்தால், கல்யாணத்துக்கு முன் எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி.க்கு அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்குப் போன் செய்யுங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

கைப்பழக்கம் இருந்ததை வருங்கால மனைவியிடம் சொல்லியாக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதில் மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்ள அங்கே குற்றமும் இல்லை. பின்னால் பேச்சு வந்தால் பேசிக்கொள்ளலாம். இவ்வளவு படித்தும் மனம் ஆறவில்லை என்றால், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் ஒரு சிறுநீரகவியல் அல்லது தோல்-பால்வினை மருத்துவரிடம் ஒரே ஒரு தடவை காட்டுங்கள், பரிசோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த 5,000 திரும்ப வராது, கல்யாணச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் 31,000-ஐக் கொடுக்க வேண்டாம், போன் வந்தால் எடுக்கவும் வேண்டாம். பொட்டலத்தை மட்டும் தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் எத்தனை நாள், எத்தனை ஸ்பூன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஈரலும் கிட்னியும் எப்படி இருக்கின்றன என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். உங்கள் பட்டியலில் நான் கவலைப்படுகிற ஒரே விஷயம் அந்தப் பொட்டலம்தான்.